ரப்பர் புகையறையில் கரிம வெப்பமின் படலம்: ஈரக்காற்றில் கிடைக்கும் மின்னழுத்தத்தை நம்பலாமா?

கேள்வி: கோதையாற்றுக்காரி

நான் முதுகலை இயற்பியல் இறுதியாண்டில் படிக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு அருகே எங்களுக்குச் சிறிய ரப்பர் தோட்டம் உண்டு. அங்கே வெட்டி எடுக்கும் பாலை அப்பா ஷீட்டாக அடித்து, வீட்டின் பின்புறமுள்ள புகையறையில் விறகு எரித்து உலர்த்துகிறார். அடுப்பு எரியும் நாள்களில் அறையின் உள்ளே 55 டிகிரி செல்சியஸ் அளவிலும் வெளியே 30 டிகிரி அளவிலும் வெப்பநிலை இருக்கிறது. இந்த வித்தியாசத்திலிருந்து, அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்து அனுப்பும் ஒரு சிறிய உணரிக்கு மின்சாரம் எடுக்க முடியுமா என்பதையே என் ஆய்வுத் திட்டமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வெப்பநிலை வித்தியாசத்தை நேரடியாக மின்சாரமாக்கும் வெப்பமின் பொருளான பிஸ்மத் டெல்லூரைடின் தகடுகள் கடையிலேயே விலைக்குக் கிடைக்கின்றன என்பதை அறிவேன். ஆனால் டெல்லூரியம் பூமியின் மேலோட்டில் மிக அரிதாகவே உள்ள தனிமம். மேலும், நூறு டிகிரிக்குக் குறைவான வெப்பத்தை விரிந்த பரப்பிலிருந்து அள்ள வேண்டுமென்றால், மையைப் போலப் பூசக்கூடிய, வளையக்கூடிய கரிமப் பொருளே பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது. பெடாட்–பிஎஸ்எஸ் என்னும் கடத்தும் பாலிமரின் நீர்க்கரைசலில் ஒற்றைச்சுவர் கார்பன் நானோகுழாய்களைச் சிதறச் செய்து, அதைப் பாலிஇமைடு தாளில் பூசுவதாக இருக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் உள்ளன. பிளாஸ்டிக்கிலேயே வெப்பமின் தரக்குறியீடு, அதாவது வெப்பத்தை மின்சாரமாக்கும் திறனைக் காட்டும் எண், 1.28 வரை எட்டிவிட்டதாகக் கருத்தரங்கில் கேட்டேன். நானோ அமைப்பு அப்படி என்னதான் செய்கிறது, அதில் எந்த அளவு என் படலத்துக்கு வாய்க்கும்? அடுத்தது, கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்த மாதிரியில் மழை நாளில் கிடைத்த சீபெக் கெழு (ஒரு டிகிரி வித்தியாசத்துக்குக் கிடைக்கும் மின்னழுத்தம்), வெயில் நாளில் கிடைத்ததைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. மாதிரி ஒன்றுதான், கருவியும் ஒன்றுதான். இதில் எந்த எண்ணை நான் பதிவு செய்ய வேண்டும்?

மறுமொழி: தக்கலை மின்பொறியாளர்

இரண்டாவது ஐயத்துக்குப் பொருள் அறிவியல் தெரிந்தவர்கள் விடை சொல்வார்கள் என்பதால், உங்கள் உணரிக்கு எவ்வளவு மின்திறன் கிடைக்கும் என்ற கணக்கை மட்டும் நான் போட்டுக் காட்டுகிறேன். இந்தக் கணக்கைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

நன்றாகச் செயல்முறைப்படுத்திய பெடாட்–பிஎஸ்எஸ் படலத்தின் சீபெக் கெழுவைக் கெல்வினுக்கு 20 மைக்ரோவோல்ட் என்றும், மின்கடத்துத்திறனைச் சென்டிமீட்டருக்கு 500 சீமன்ஸ் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கால், அதாவது படலத்தின் ஒரு கீற்று, 2 சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் அகலம், 10 மைக்ரோமீட்டர் தடிமன் என்றால் அதன் மின்தடை 8 ஓம். இத்தகைய நூறு கால்களை வெள்ளிப் பசைக் கோடுகளால் தொடராக இணைத்து, ஒவ்வொன்றின் இரு முனைகளுக்கும் இடையே 10 டிகிரி வித்தியாசத்தை நிலைநிறுத்த முடிந்தால், திறந்த சுற்றில் 20 மில்லிவோல்ட் கிடைக்கும். மொத்த மின்தடை 800 ஓம். சுமையைச் சரியாகப் பொருத்தினாலும் வெளியே வரும் உச்ச மின்திறன் 0.125 மைக்ரோவாட்தான். நானோகுழாய்களைச் சேர்த்து, மின்கடத்துத்திறன் குறையாமல் சீபெக் கெழுவை 50 ஆக உயர்த்தினால் அது 0.78 மைக்ரோவாட் ஆகும். கம்பியில்லாமல் தகவல் அனுப்பும் உணரி, எவ்வளவு சிக்கனமாக வடிவமைத்தாலும், சராசரியாகப் பத்து இருபது மைக்ரோவாட்டாவது கேட்கும்.

மின்திறனைக் காட்டிலும் மின்தடை பெரிய தடங்கல். 20 மில்லிவோல்ட்டிலேயே இயங்கத் தொடங்கும் மின்னழுத்த உயர்த்திச் சிப்புகள் சந்தையில் உள்ளன என்பது உண்மைதான். ஆனால் அவற்றின் உள்ளீட்டு மின்தடை சில ஓம் மட்டுமே என்பதால், 800 ஓம் மூலத்தை அவற்றோடு இணைத்த கணத்திலேயே மின்னழுத்தம் ஒன்றுமில்லாமல் சரிந்துவிடும். ஆகவே கால்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதோடு, படலத்தின் தடிமனையும் கூட்டியாக வேண்டும்.

ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன்: 4 சென்டிமீட்டர் சதுரமுள்ள, 127 இணைகள் கொண்ட பிஸ்மத் டெல்லூரைடு தகடு, அதே 10 டிகிரியில் அரை வோல்ட் அளவு மின்னழுத்தமும் முப்பது மில்லிவாட் அளவு மின்திறனும் தரும். இதைக் கண்டு கரிமப் பொருளைக் கைவிட வேண்டியதில்லை. அந்தத் தகட்டின் இரு முகங்களுக்கும் இடையே 10 டிகிரியை நிலைநிறுத்தக் கனமான அலுமினியச் சிறகுகள் வேண்டும். வெறும் காற்றில் தொங்கவிட்டால் அதில் ஒரு டிகிரி கூட மிஞ்சாது.

காரணம் எளியது. இயல்பாக அசையும் காற்று ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு டிகிரிக்குச் சுமார் 10 வாட் வெப்பத்தையே எடுத்துச் செல்லும். பொருளின் வெப்பத்தடை இந்தக் காற்றின் வெப்பத்தடைக்குச் சமமாக இருக்கும்போதுதான் மின்திறன் உச்சமடையும். பாலிமரின் வெப்பக்கடத்துத்திறனை மீட்டர்–கெல்வினுக்கு 0.2 வாட் என்று கொண்டால் அதற்கு 2 சென்டிமீட்டர் தடிமன் போதும். பிஸ்மத் டெல்லூரைடுக்கு 15 சென்டிமீட்டர் வேண்டியிருக்கும். கரிமப் பொருளின் பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் 10 மைக்ரோமீட்டர் படலத்தைச் சுவரில் ஒட்டி, வெப்பத்தை அதன் குறுக்கே பாயவிட்டால் அந்தப் பலன் முழுவதும் போய்விடும். கால்களின் நீளவாக்கில் வெப்பம் பாயும்படி, தாளைக் கொசுவம்போல மடித்து நிமிர்த்தி நிறுத்துங்கள்.

மறுமொழி: நாஞ்சில் ஆய்வகம்

மழை நாளில் கூடுதலாகக் கிடைத்த மின்னழுத்தம் அயனிகளால் வந்தது. மாணவர்கள் பலர் இந்த இடத்தில் மகிழ்ந்துபோய்ப் பெரிய எண்ணை எழுதிவிடுவதால், இதைச் சற்று விரிவாகவே விளக்குகிறேன்.

பெடாட்–பிஎஸ்எஸ் இரு பாலிமர்களின் கூட்டு. மின்துளைகளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத இடங்களாக நகரும் நேர்மின்சுமைகளை, கடத்துவது பெடாட். பெடாட்டை நீரில் மிதக்கவைப்பதும், அதன் மின்சுமையை ஈடுசெய்வதும் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் என்னும் பிஎஸ்எஸ். இந்த இரண்டாவது பொருள் மின்துளைகளைக் கடத்தாது. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும். உறிஞ்சிய நீரில் அதன் அமிலத் தொகுதிகளிலுள்ள புரோட்டான்கள் விடுபட்டு நகரத் தொடங்குகின்றன. ஒரு முனையைச் சூடாக்கினால் புரோட்டான்கள் குளிர்ந்த முனைக்கு ஒதுங்குகின்றன. அந்த ஒதுக்கமே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் நம் மாவட்டத்தில், ஆண்டின் பெரும்பகுதியில் இந்த அயனிப் பங்கு உங்கள் அளவீட்டில் கலந்தே வரும்.

இந்த மின்னழுத்தம் பொய்யானதன்று. ஆனால் அதிலிருந்து தொடர்ந்து மின்னோட்டம் எடுக்க இயலாது. தங்கம், வெள்ளி போன்ற மின்வாய்களுக்குள் புரோட்டான்கள் புக முடியாது என்பதால், எல்லையில் வந்து குவிந்து நின்றுவிடுகின்றன. எனவே சுமையை இணைத்தால் மின்னோட்டம் சிறிது நேரம் பாய்ந்து தேய்ந்துவிடும். மின்துளைகளால் வரும் பங்கு மட்டுமே வெப்பநிலை வித்தியாசம் உள்ளவரை குறையாமல் ஓடும். படலத்தின் மின்தடைக்குச் சமமான ஒரு மின்தடையை இணைத்து, வெப்பநிலை வித்தியாசத்தை மாற்றாமல் சில மணி நேரம் விட்டு, அதன் பிறகும் நிலைத்து நிற்கும் மின்னழுத்தத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். பதிவு செய்ய வேண்டிய எண் அதிலிருந்து வருவதுதான்.

ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த விலையுயர்ந்த அறை தேவையில்லை. மூடிய கண்ணாடிக் கலத்தில் நிறைவுற்ற உப்புக் கரைசலை வைத்தால், 25 டிகிரியில் அதன் மேலுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காட்டிலும், சோடியம் குளோரைடுக்கு 75 விழுக்காட்டிலும், பொட்டாசியம் சல்பேட்டுக்கு 97 விழுக்காட்டிலும் நிற்கும். ஆய்வகத் தரமுள்ள உப்பையே பயன்படுத்துங்கள். புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பில் கடல்நீரின் மெக்னீசியம் உப்பும் சிறிது கலந்திருக்கும் என்பதால் எண் மாறிவிடும்.

இனி நானோ அமைப்பைப் பற்றி. தரக்குறியீடு என்பது சீபெக் கெழுவின் வர்க்கத்தை மின்கடத்துத்திறனாலும் தனி வெப்பநிலையாலும் பெருக்கி, வெப்பக்கடத்துத்திறனால் வகுத்துக் கிடைக்கும் எண். மின்னூட்டத் தாங்கிகளின் அடர்த்தியைக் கூட்டினால் மின்கடத்துத்திறன் ஏறும், சீபெக் கெழு இறங்கும். 1821-இல் சீபெக் இந்த விளைவைக் கண்ட காலத்திலிருந்தே இந்த முரண் இருந்துவருகிறது. நானோ அளவிலான அடுக்குகளிலும் கம்பிகளிலும் அதைத் தளர்த்தலாம் என்று 1993-இல் ஹிக்ஸும் டிரெஸல்ஹாஸும் கணக்கிட்டுக் காட்டினார்கள். கனிமப் பொருள்களை மனத்தில் வைத்துச் செய்த கணக்கு அது. பாலிமர்களில் நானோ அமைப்பு செய்யும் வேலை பெரும்பாலும் வேறு.

பெடாட்–பிஎஸ்எஸ் படலத்தில், பெடாட் மிகுந்த நானோமணிகளைக் கடத்தாத பிஎஸ்எஸ் உறை சூழ்ந்திருக்கிறது. எத்திலீன் கிளைக்கால் அல்லது டைமெத்தில் சல்ஃபாக்சைடு கொண்டு இந்த உறையின் ஒரு பகுதியைக் களைந்தால், மணிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. சென்டிமீட்டருக்கு ஒரு சீமன்ஸுக்கும் குறைவாக இருந்த மின்கடத்துத்திறன் பல நூறுக்கு ஏறுகிறது. தாங்கிகளின் எண்ணிக்கை அதிகமாகாமல் அவற்றின் பாதை சீராவதால், சீபெக் கெழு விழுவதில்லை. 2011-இல் சுவீடன் நாட்டு லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகக் குழு, டோசிலேட் அயனியோடு சேர்ந்த பெடாட்டின் ஆக்சிஜனேற்ற நிலையைச் சரிசெய்து 0.25 தரக்குறியீட்டை எட்டியது. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு மேற்சொன்ன உறை நீக்கத்தால் 0.42-ஐ எட்டியது. நீங்கள் கேள்விப்பட்ட 1.28, 2024-இல் சீன அறிவியல் கழகத்தின் வேதியியல் நிறுவனக் குழு 368 கெல்வினில், அதாவது 95 டிகிரி செல்சியஸில் அளந்தது. இரு வேறு பாலிமர்களைச் சில நானோமீட்டர் தடிமனில் மாற்றி மாற்றி அடுக்கி, ஒன்றோடொன்று கலந்த இடைமுகங்களில் வெப்ப அதிர்வுகள் சிதறும்படியும் மின்னூட்டங்கள் தடையின்றிப் போகும்படியும் அவர்கள் செய்தார்கள்.

அந்த அடுக்கமைப்பு உங்கள் ஆய்வகத்தில் கைகூடாது. நானோகுழாய்க் கலவை கைகூடும். தனியொரு கார்பன் நானோகுழாய் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும். அதன் வெப்பக்கடத்துத்திறன் மீட்டர்–கெல்வினுக்கு ஆயிரக்கணக்கான வாட். ஆயினும் கலவையில் குழாய்கள் ஒன்றையொன்று தொடும் ஒவ்வொரு சந்திப்பிலும் மெல்லிய பாலிமர்ப் போர்வை இடையே நிற்கிறது. விறைப்பான கார்பன் குழாயின் அதிர்வும் மென்மையான பாலிமரின் அதிர்வும் பொருந்தாததால் வெப்பம் அங்கே தடைப்படுகிறது. பெடாட் சங்கிலிகள் குழாயின் மேல் படிந்து ஒழுங்குபடுவதால் மின்னூட்டம் அங்கே தாண்டிச் செல்கிறது. குழாய்கள் கற்றைகளாகத் திரண்டுவிட்டால் இந்தச் சந்திப்புகள் குறைந்துபோகும். ஆகவே சிதறச் செய்வதில்தான் உங்கள் திட்டத்தின் வெற்றி அடங்கியிருக்கிறது. மீயொலி தரும் நேரத்தையும், பிறகு மையவிலக்கிக் கற்றைகளை நீக்குவதையும் கவனமாகக் குறித்து வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. "பாலிமரின் வெப்பக்கடத்துத்திறன் 0.2" என்று நூலிலிருந்து எடுத்து எழுதிவிடாதீர்கள். மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 1000 சீமன்ஸ் ஆகும்போது, மின்கடத்தலையும் வெப்பக்கடத்தலையும் தொடர்புபடுத்தும் வீடமான்–ஃபிரான்ஸ் விதிப்படி அறை வெப்பநிலையில் மின்னூட்டங்கள் மட்டுமே மீட்டர்–கெல்வினுக்கு 0.7 வாட் வெப்பத்தைச் சுமந்து செல்லும். சீபெக் கெழு 20 மட்டுமே உள்ள அப்படியொரு படலத்தின் தரக்குறியீடு 0.01-ஐ ஒட்டித்தான் நிற்கும். கெழுவை 50 ஆக்கி, மின்கடத்துத்திறனை 500-இல் நிறுத்தினால் 0.05 அளவுக்கு வரலாம். அந்த 0.05-ஐ மூன்று அளவீடுகளையும் படலத்தின் ஒரே திசையில் செய்து நேர்மையாகக் காட்டினால், அது நல்ல முதுகலைத் திட்டம். தளத்தின் வழியே மின்கடத்துத்திறனையும் குறுக்கே வெப்பக்கடத்துத்திறனையும் அளந்து பெருக்கி வகுத்த எண்ணுக்குப் பொருளே இல்லை. இந்தப் படலங்களில் சங்கிலிகள் தளத்தோடு படிந்து கிடப்பதால் இரு திசைகளின் பண்புகளும் பெரிதும் மாறுபடும்.

மறுமொழி: அருமனை ஷீட்

எனக்கு இயற்பியல் பட்டம் இல்லை. புகையறை கட்டிக் கொடுப்பதே என் தொழில். படலத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன், தங்கச்சி.

அறைக்குள் வைக்கவே வேண்டாம். முதல் நாள் ஷீட்டிலிருந்து நீர் சொட்டும். காற்று நீராவியால் நிறைந்திருக்கும் என்பதால் மேல் போக்கியைத் திறந்து வைத்து 40, 45 டிகிரியிலேயே நிறுத்துவோம். கடைசி நாள்களில்தான் 60 வரை ஏற்றுவோம். அதைத் தாண்டினால் ஷீட்டில் கொப்புளம் விழும். ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் வெப்பம் நாளுக்கு நாள் மாறும். பாலை உறைய வைக்கச் சேர்த்த பார்மிக் அமிலத்தின் மிச்சமும், விறகுப் புகையிலுள்ள காடியும் தாரும் உள்ளே எல்லாவற்றின் மேலும் படியும். ஒரு பருவம் எரித்த அறையில் கம்பிவலையைத் தொட்டால் விரலில் பளபளப்பான கறுப்புப் பிசின் ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் எளிதில் போகாது. அந்தப் பிசின் உங்கள் தாளின் மேல் படிந்தால் வெப்பம் உள்ளே போகாது.

செங்கல் சுவரும் உதவாது. ஒன்பது அங்குலச் சுவர் வெப்பநிலை வித்தியாசத்தின் பெரும்பங்கைத் தானே வைத்துக்கொள்ளும். மேற்குச் சுவராக இருந்தால் பிற்பகல் வெயிலில் வெளிமுகமே சூடேறிவிடும். இரும்புத் தகட்டுக் கதவுதான் சரியான இடம். உள்ளே 55 இருக்கும்போது அதன் வெளிமுகம் 40-ஐத் தாண்டி நிற்கும். தகடு மெல்லியது என்பதால் வெப்பம் தடையின்றி வரும். மடித்த தாளின் அடியைக் கதவின் வெளிமுகத்தில் பதித்து, நுனி வெளிக்காற்றில் நிற்கும்படி செய்தால் புகையும் அமிலமும் படலத்தைத் தொடாது. மேலே ஓர் ஓலைச் சாய்ப்பு இறக்கிவிட்டால் மழையும் வெயிலும் படாது. அடுப்பு வாயின் மேலுள்ள இரும்புத் தகடு இன்னும் சூடாயிற்றே என்று அங்கே கொண்டு வைத்துவிடாதீர்கள். காற்று வீசும் நாளில் அது பழுக்கக் காய்ந்துவிடும்.

கோதையாற்றுக்காரி

மூவருக்கும் நன்றி. கதவின் வெளிமுகத்தையே தேர்ந்துகொள்கிறேன். உணரியை இயக்குவதை இலக்காக வைக்காமல், மூன்று ஈரப்பதங்களில் சுமையோடு அளந்த நிலையான மின்திறனை முதன்மை முடிவாக வைக்கலாம் என்று எண்ணுகிறேன்.

ஒரு கேள்வி மிச்சம் உள்ளது. பொறியாளர் ஐயா கால்களை வெள்ளிப் பசையால் இணைக்கச் சொன்னார். மின்துளைகளுக்குப் பதில் எலக்ட்ரான்களைக் கடத்தும் என்-வகைக் கரிமக் கால்களையும் சேர்த்தால் மின்னழுத்தம் இரட்டிப்பாகுமே; அதை இப்போதே முயலலாமா?

மறுமொழி: நாஞ்சில் ஆய்வகம்

இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. என்-வகைக் கரிமப் பொருளில் உள்ள கூடுதல் எலக்ட்ரான்களைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் பறித்துக்கொள்கின்றன. நிக்கல் அணுக்களைக் கொண்ட எத்தீன்டெட்ராதையோலேட் பாலிமர் 2012-இல் 440 கெல்வினில் 0.2 தரக்குறியீட்டைக் காட்டியது. ஆனால் அது எதிலும் எளிதில் கரையாத பொடி என்பதால் உங்களுக்கு மையாகக் கிடைக்காது. பாலிஎத்திலீன்இமைன் பூசிய கார்பன் நானோகுழாய் என்-வகையாக மாறும், காற்றில் ஓரளவு தாங்கும், செய்வதும் எளிது. ஆயினும் இந்தப் பூச்சும் ஈரத்தை உறிஞ்சுவதுதான். இரு கால்களிலும் இரு வேறு அயனிகள் நகரத் தொடங்கினால் எந்தப் பங்கு எங்கிருந்து வந்தது என்று உங்களால் பிரித்துச் சொல்ல இயலாது. வெள்ளியின் சீபெக் கெழு கெல்வினுக்கு ஒன்றரை மைக்ரோவோல்ட் அளவே என்பதால், அதை இணைப்பாகக் கொண்டால் கிடைக்கும் முடிவு ஏறத்தாழ முழுவதும் உங்கள் படலத்துக்கே உரியது. கோடுகளை மட்டும் மெல்லியதாக இழுங்கள். வெள்ளி வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும்.

திட்டத்தில் சேர்க்கத் தகுந்த வேறொன்று உண்டு. அயனிகளால் வரும் மின்னழுத்தம் தொடர் மின்னோட்டம் தராவிட்டாலும், ஒவ்வொரு முறை அடுப்பு மூட்டும்போதும் ஒரு முறையும், அணையும்போது எதிர்த்திசையில் ஒரு முறையும் மின்னூட்டத்தைத் தள்ளும். புகையறை இயல்பாகவே சூடாகிக் குளிரும் இடம் என்பதால், அந்த இரு துடிப்புகளையும் ஒரு மின்தேக்கியில் சேர்த்து அளந்து பாருங்கள். மழைக்காலத்தில் இடையூறாக வந்த அயனிப் பங்கு, ஒரு சுழற்சிக்கு எத்தனை மைக்ரோஜூல் தருகிறது என்பதைத் தனி அத்தியாயமாகவே எழுதலாம்.

மறுமொழி: தக்கலை மின்பொறியாளர்

கதவின் வெளிமுகத்தில் வைக்கும்போது காலின் இரு முனைகளுக்கும் இடையே 10 டிகிரி கிடைக்காது, 5 அல்லது 6 தான் கிடைக்கும் என்று கொள்ளுங்கள். மின்திறன் வித்தியாசத்தின் வர்க்கத்தில் மாறும் என்பதால், நான் மேலே சொன்ன 0.78 மைக்ரோவாட் 0.2 அளவுக்கு இறங்கும். அளக்கும் மின்தடையை 800 ஓமிலேயே தொடங்கி இரு பக்கமும் மாற்றிப் பாருங்கள். உச்சம் 800-இல் விழாமல் அதிக மின்தடையின் பக்கம் தள்ளிப் போனால், வெள்ளிப் பசைக்கும் படலத்துக்கும் இடையிலான தொடுதடையே அந்த வேறுபாட்டுக்குக் காரணம். பசையிடும் முன் படலத்தின் விளிம்பில் மெல்லிய கார்பன் மை ஒரு பூச்சு கொடுத்தால் அது குறையும்.